டேங்க்கில் இருக்கும் கப்பல்

போன ஆடியில் வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது மழையில் வண்டி சறுக்கியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பெட்ரோல் டேங்க் நசுங்கிக் கசிந்தது. "டேங்க்கையே மாத்திடலாம் சார்" என்றார் துருகம் சாலை மெக்கானிக். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

வண்டி பஜாஜ் வி15. உடைக்கப்பட்ட ஐஎன்எஸ் விக்ராந்த் போர்க்கப்பலின் இரும்பை உருக்கிச் சேர்த்து 2016இல் வந்தது. அந்த இரும்பு இருப்பது டேங்க்கில்.

போர்க்கப்பலும் பழைய விஞ்ஞானக் கதையும் என்றால் சோறு தண்ணி மறக்கும் நாங்கள் நான்கு பேர், ஞாயிறு மாலைகளில் கோமுகி அணைப் பக்கம் கூடுவோம். நான் வண்டியை நிறுத்தியதும் "ஆர்-11 நங்கூரம் போட்டாச்சா?" என்பார்கள். 1945இல் 'ஹெர்குலிஸ்' என்ற பெயரோடு இங்கிலாந்தில் நீரில் இறங்கியது அந்தக் கப்பல். 1961இல் விக்ராந்த் ஆனது. 1971இல் வங்கக் கடலில் நின்று சிட்டகாங்குக்கு விமானங்களை அனுப்பியது. 1997இல் ஓய்வு, 2014இல் உடைப்பு. 2022இல் கடற்படையில் சேர்ந்த, கொச்சியில் கட்டிய புதுக்கப்பலுக்கும் அதே பெயர், அதே ஆர்-11 எண். அப்படியானால் விக்ராந்த் எது? பெயரா, இரும்பா?

'ஸ்டார் டிரெக்'கில் ஆளைத் துகளாக்கி வேறிடத்தில் எழுப்புவார்கள். எழுந்து நிற்பவர் பழைய ஆள்தானா என்று ஒருவன் கேட்டால், இன்னொருவன் மிலிந்தனின் தேரை இழுத்து வருவான். அச்சும் தேரில்லை, சக்கரமும் தேரில்லை என்று அந்த யவன அரசனுக்கு நாகசேனர் காட்டிய தேர். எல்லாம் சேர்ந்தால் வழங்கும் பெயர்தான் தேர் என்றார் பிக்கு. எனக்கு அது போதவில்லை.

நான் கோவில் திருப்பணிகளைப் பார்த்து வளர்ந்தவன். பாலாலயத்தின்போது சாமியைக் கும்பத்து நீரில் இறக்குவார்கள். கோபுரத்தில் சாரம் கட்டி, சுதையைக் கொத்தி, மாதக்கணக்கில் வேலை நடக்கும். அதுவரை ஒரு சின்னக் கொட்டகையில் விளக்கும் நைவேத்தியமும் தவறாது. குடமுழுக்கன்று கும்பநீர் மறுபடி மேலே ஏறும். இடைக்காலத்தில் யாராவது ஏந்திக்கொண்டே இருக்கவேண்டும் என்பதைத்தான் இந்தச் சடங்கில் பெரிதாகக் காண்கிறேன். 'ஸ்டார் டிரெக்' கருவியில் அந்தக் காத்திருப்பே கிடையாது. கல்வராயன் மலைப் பழங்குடிகளான மலையாளிகளும் தங்கள் தெய்வமான கரியராமரை முன்னோர் காஞ்சியிலிருந்து கொண்டுவந்ததாகவே சொல்கிறார்கள். அங்கிருந்தவரும் இவரும் ஒருவர்தானா என்று அவர்களிடம் கேட்க எனக்கு வாய் வந்ததில்லை. தூக்கிவந்தவர்களை இன்னும் நினைக்கிறார்களே!

வண்டி சறுக்கிய வார ஞாயிறன்று இதைச் சொன்னதும் ஒருவன், "அப்போ 2014க்கும் 2022க்கும் நடுவுல விக்ராந்துக்குப் பாலாலயம் உன் வண்டிதான்டா" என்றான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மறுநாள் பட்டறைக்குப் போய், மாற்றச் சொன்னேன். மெக்கானிக் பழைய டேங்க்கைக் கழற்றி, மீந்திருந்த பெட்ரோலை ஒரு கேனில் பிடித்து ஓரமாக வைத்தார். புது டேங்க்கைப் பூட்டி முடிக்க ஒரு மணி நேரம். அதுவரை கேன் பக்கத்திலேயே நின்றேன். பிறகு அவர் அதை எடுத்து, துணியால் வாயைத் துடைத்துவிட்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் புதியதில் ஊற்றினார்.