குன்றை விட்டு இறங்குறவங்களுக்கு முருகன் காட்டுற வீடு

ஓம் சரவணபவ.

இந்தக் கிருத்திகைக்கு வேற ஒண்ணு எழுதி வச்சிருந்தேன். மாரமங்கலத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பின கேள்வி அதைத் தள்ளி வச்சிடுச்சு. ஏற்காட்டு மலையில காபியும் மிளகும் விளையுற ஊர் அது. அவர் கேட்டதை அப்படியே தர்றேன்:

"அண்ணா, நானும் வீட்டுக்காரியும் திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைக்குப் போறோம். பொண்ணு ஜூன்ல ரெண்டாவது போகணும், பையனுக்கு ரெண்டு வயசு. அம்மா மலையை விட்டு எறங்கவே மாட்டேன்னுட்டாங்க. கம்பெனிக்குப் பின்னாடியே லைன் வீடு ஒண்ணு கம்மி வாடகைக்கு இருக்கு. ஸ்கூல் பக்கத்துல ஒண்ணு, வாடகை கூட. முருகன் கோயில் தெருவுல ஒண்ணு. எதுக்குக் குடி போறது? மலையை விட்டுப் போறது அவரையே விட்டுப் போற மாதிரி இருக்கு."

கடைசி வரிக்கு முதல்ல பதில் சொல்லிடறேன்.

ஆறுபடை வீடு எதெல்லாம்னு கேட்டா நம்ம வீட்டுக் குழந்தை கூட சொல்லும். ஆனா நக்கீரர் பாடின திருமுருகாற்றுப்படையில அஞ்சாவதா வர்றது ஒரு ஊரே இல்லை. அதுக்குப் பேர் குன்றுதோறாடல். எந்தெந்தக் குன்று உண்டோ அங்கெல்லாம் அவர் ஆடுவார்னு அர்த்தம். இன்னைக்கு நாம திருத்தணியை அந்த இடத்துல வச்சுக் கும்பிடுறோம், சரிதான். ஆனா மூலத்துல அது ஒரே மலைக்குப் பட்டா போட்டுக் கொடுத்த வீடு இல்லை. சேர்வராயன் மலையும் அதுல சேர்த்தி, மாரமங்கலமும் சேர்த்தி. திருப்பூரைச் சுத்தி இருக்கிற சிவன்மலையும் சென்னிமலையும் சேர்த்தி. தம்பி, நீங்க அவரோட ஒரு வீட்டுலேர்ந்து இன்னொரு வீட்டுக்குப் போறீங்க.

இன்னொண்ணு. அந்த மலையில வாழற மலையாளி மக்கள் (கேரளத்து மலையாளி இல்லைங்க, மலையை ஆள்றவங்கன்னு பொருள் சொல்ற நம்ம பழங்குடி மக்கள்) தாங்களே குடி பெயர்ந்து வந்தவங்கன்னுதான் வழிவழியா சொல்லிக்கிறாங்க. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன்னு மூணு பேர் காஞ்சியிலேர்ந்து கிளம்பின கதை அது. 1909-ல வெளிவந்த எட்கர் தர்ஸ்டன் நூல்ல கூட பதிவாயிருக்கு. எந்தத் தம்பி எந்த மலைக்குப் போனார்ங்கிறது ஊருக்கு ஊர் மாறும். பெரியவர் சேர்வராயன் மலைக்கு வந்தார்னு சொல்லுவாங்க.

அந்தக் கதையில எனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. மனுஷங்க முதல்ல கிளம்பலை. காஞ்சியில இருக்கப் பிடிக்காம சாமி முன்னாடி கிளம்பிடுச்சு. மூணு பேரும் குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு சாமி பின்னாடி வந்தாங்க. அந்தச் சாமி கரியராமன், பெருமாள் பேர்தான். மாமனைக் கும்பிட்டா மருமகன் கோவிச்சுக்க மாட்டார், கவலை வேண்டாம். காஞ்சி எப்பேர்ப்பட்ட ஊர்! கச்சியப்பர் கந்தபுராணம் பாடின குமரகோட்டம் அங்கதான் இருக்கு. அந்த ஊரையே விட்டு வந்து குடும்பம் தழைச்சிருக்குன்னா, ஊர் மாறுறது பாவமில்லைன்னு உங்க முன்னோர் கதையே சொல்லுது.

சரி, வீட்டுக்கு வருவோம்.

ஊர் மாறுறதைப் பத்திப் பேச்சு வந்தா எல்லாரும் பழனியைத்தான் இழுப்பாங்க. பழம் கிடைக்காம கோவிச்சுக்கிட்டுப் போய் ஆண்டியா நின்னார்னு. அருமையான கதை. ஆனா அது கோவத்துல தனியாப் போனவர் கதை. கைக்குழந்தையோட வேலைக்குப் போறவருக்கு அது வழி காட்டாது. உங்களுக்கான கதை திருச்செந்தூர்ல ஆரம்பிக்குது.

திருச்செந்தூர் அவர் வேலை செஞ்ச இடம். படை வீடுன்னா பாசறை, படை தங்குற இடம். கடற்கரையில கூடாரம் போட்டு, சூரபத்மனை முடிச்சு, வந்த காரியத்தை நிறைவேத்தினார். சூரனோட வீரமகேந்திரபுரம் சாதாரண ஊரா? பொன்னும் மணியுமா இழைச்ச பட்டணம். ஜெயிச்சவர் அதுல ஒரு மாளிகையாவது தனக்குன்னு வச்சுக்கிட்டிருக்கலாம். வருணனைக் கூப்பிட்டு, இதைக் கடல் கொண்டு போகட்டும்னுட்டார். கல்யாணத்துக்குப் போனது திருப்பரங்குன்றம். அங்க தெய்வானை. கோபம் தணிஞ்சு போய் உட்கார்ந்தது திருத்தணி. அங்க வள்ளி.

இப்ப ஒரு விஷயம் கவனிங்க. கந்தசஷ்டிக்கு மத்த முருகன் கோயில்ல எல்லாம் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில நடக்காது. அன்னைக்கு அங்க புஷ்பாஞ்சலி, சாமிக்குப் பூவாக் கொட்டுவாங்க. போர் நடந்த இடம் வேற, போர் முடிஞ்சு வந்து இருக்கிற இடம் வேற. சூரனை அவர் வீட்டு வாசலுக்குக் கூட்டிட்டு வரலை.

கம்பெனிக்குப் பின்னாடி இருக்கிற லைன் வீட்டை நான் வேண்டாம்னு சொல்றது இதனாலதான். அந்த வீடு உங்க ரெண்டு பேருக்காகப் பார்த்த வீடு. உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஒரு இடம் இருக்கே, தையல் மிஷின் முன்னாடியோ செக்கிங் டேபிள் முன்னாடியோ நாள் முழுக்க அங்கதான் இருக்கப் போறீங்க. வீட்டுல மிச்சம் இருக்கப் போறது யாரு? ஏழு வயசுப் பொண்ணும் ரெண்டு வயசுப் பையனும். அதனால வீட்டை அவங்க காலால அளங்க. பொண்ணு ஸ்கூலுக்கு நடந்தே போயிட்டு வர முடியுமா? நடுவுல பெரிய ரோடு கடக்கணுமா? பையனை விடுறதுக்கு அங்கன்வாடி எத்தனை தெரு தள்ளி?

திருப்பூர் தெரிஞ்சவங்களுக்கு 'ஒன்றரை ஷிப்ட்'னா என்னன்னு தெரியும். சாயந்திரம் விட வேண்டிய வேலை ராத்திரி எட்டரை வரைக்கும் போகும். சனிக்கிழமை சம்பளக் கவர் கனமா இருக்கும், சந்தோஷம்தான். ஆனா ஆர்டர் நேரத்துல ரெண்டு பேரும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தா, நாலு மணிக்கு ஸ்கூல் விட்டு வர்ற பொண்ணு எட்டரை வரைக்கும் எங்க இருப்பா? இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிற வீடுதான் வீடு. பக்கத்துல ஒரு சொந்தக்காரங்களோ, உங்க மலையிலேர்ந்து முன்னாடியே வந்து குடியிருக்கிற குடும்பமோ இருந்தா, அதுக்காக மாசம் 1,000 ரூபாய் கூடக் கொடுக்கலாம். அப்படி யாரும் இல்லைன்னா ஒருத்தர் ஒரு ஷிப்ட்டோட வீடு திரும்பியே ஆகணும். அது எப்பவும் வீட்டுக்காரியாத்தான் இருக்கணும்னு எந்தப் புராணத்துலயும் இல்லை.

இதோட சேர்த்து ஒரு கணக்கு. வாடகையை ஒரு ஷிப்ட் கூலியில கட்ட முடியுமான்னு மட்டும் பாருங்க. ஒன்றரை ஷிப்ட் காசை நம்பி வாடகை பேசினா, ஆர்டர் குறையுற மாசம் வீட்டுக்காரர் முகத்துல முழிக்க முடியாது. தண்ணியையும் விசாரிங்க. நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது, உப்புத் தண்ணி தனிக் குழாயா, எத்தனை வீட்டுக்கு ஒரு குழாய்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்காதீங்க. அங்க குடியிருக்கிற அக்காமார்கிட்ட கேளுங்க. சுனைத் தண்ணி குடிச்சு வளர்ந்தவங்களுக்கு இது முதல் மாசமே தெரிஞ்சிடும்.

கோயில் தெரு வீடு? கோயில் இல்லாத ஊர்ல குடியேறக் கூடாதுன்னு பெரியவங்க சொல்றது ஊரைத்தான். அடுத்த சுவர்லயே கோயில் இருக்கணும்னு இல்லை. திருப்பூர் பக்கத்துல திருமுருகன்பூண்டி இருக்கு. சூரனை வதம் பண்ணின தோஷம் தீர, முருகனே வந்து சிவனைக் கும்பிட்ட தலம். வேலை முடிஞ்ச பாரத்தை அவரே அங்க வந்துதான் இறக்கி வச்சார். சேரமான் பெருமாள் கொடுத்த பொருளோட ஊர் திரும்பின சுந்தரரை சிவகணங்கள் வேடர் வேஷத்துல வழிமறிச்சுப் பறிச்சதும் அங்கதான். பாடித்தான் திரும்ப வாங்கினார். சம்பாதிச்சதைப் பத்திரமா வீடு கொண்டு சேர்க்கணும்னு வேண்டிக்க இதை விடப் பொருத்தமான இடம் எது? ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களோட பஸ் ஏறிப் போயிட்டு வாங்க.

பிள்ளைங்களைப் பாட்டிகிட்ட விட்டுட்டு நாங்க மட்டும் போனா என்னன்னு மனசுல ஓடியிருக்கும். மலையில நிறைய குடும்பம் அப்படித்தான் செய்யுது, குறை சொல்ல மாட்டேன். நகரத்தார் சிங்கப்பூர்ல 1859-ல தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினவங்க. கிட்டங்கியில ஒரு பெட்டியும் பாயுமா இருந்து தொழில் பார்த்தாங்க. குடும்பம் பெரும்பாலும் செட்டிநாட்டுலயே இருந்துச்சு. சாமியைக் கூட்டிக்கிட்டு, குடும்பத்தை விட்டுட்டுப் போனாங்க. ஆனா அவங்க ஊர்ல கூட்டுக் குடும்பம் இருந்துச்சு, பெரிய வீடு இருந்துச்சு. உங்க அம்மா ஒத்தை ஆளு. ரெண்டு வயசுப் பையன் பின்னாடி அவங்களால மேட்டுலயும் பள்ளத்துலயும் ஓட முடியுமா? பெரியண்ணன் குடும்பத்தோட வந்தார்ங்கிறதையும் மறந்துடாதீங்க.

அம்மாவை மட்டும் வற்புறுத்தாதீங்க. நாலு மிளகுக் கொடி, பலாமரம், பேசிப் பழகின பக்கத்து வீடு, இதையெல்லாம் விட்டுட்டு திருப்பூர் வெயில்ல சீட்டு வீட்டுக்குள்ள அவங்க நாள் முழுக்க என்ன பண்ணுவாங்க? மேல ஒரு விளக்கு எரியட்டும். யாராவது தினம் போய்ப் பார்த்துக்குவாங்களான்னு மட்டும் உறுதி பண்ணிக்குங்க. போன் சிக்னல் இருக்கிற இடத்துக்கு அவங்க எத்தனை மணிக்கு வருவாங்கன்னு பேசி வச்சுக்குங்க.

நாள் கேட்டிருந்தீங்க. மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழா. அந்தக் குகைக்குள்ள நாலு பேரும் குனிஞ்சு போய்க் கும்பிட்டுட்டு, அப்புறம் எறங்குங்க. ஆடி பிறந்துட்டா வீடு மாற மாட்டோம், ஸ்கூலும் ஜூன்ல திறந்துடும். அதனால வைகாசியிலயே பால் காய்ச்சிடுங்க, விசாகத்தை ஒட்டி அமைஞ்சா இன்னும் நல்லது. பால் காய்ச்சுறப்ப அம்மாவை வரச் சொல்லுங்க. நாலு நாள் இருந்துட்டு, மலை ஏறுறேன்னு சொன்னா பஸ் ஏத்தி விடுங்க. ஸ்கூல் பக்கத்து வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!