ஓதுபள்ளிப் பிரம்பும் மேடைச் சிரிப்பும்

சிரிக்க வைப்பவனும் அழ வைப்பவனும் அல்லாஹ்வே என்று அந்நஜ்ம் அத்தியாயத்தின் 43-ஆம் வசனம் அறிவிக்கிறது. ஆகவே சிரிப்பு மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களும் தோழர்களோடு வேடிக்கையாகப் பேசியதுண்டு. வாகனம் கேட்டு வந்த ஒருவருக்கு ஒட்டகக் குட்டி தருவதாகச் சொன்னார்கள். குட்டியை வைத்து என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் இன்னோர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கினார்கள். இதனை அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்துள்ளனர். அந்த வேடிக்கையில் பொய் இல்லை. எவர் மனமும் புண்படவில்லை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, நம் வீடுகளில் இன்று எழும் ஒரு கேள்வியைப் பார்ப்போம். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சிலர் மேடையேறி, தாம் ஓதிய மதரஸாவையும், வளர்ந்த வீட்டையும், தம் நிறத்தையும் இனத்தையும் சொல்லிச் சபையைச் சிரிக்க வைக்கிறார்கள். கைபேசியில் அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வாப்பாமார்கள் முகம் சுளிக்கிறார்கள். இது மார்க்கத்தைக் கேலி செய்வதாகுமா?

அமெரிக்காவில் 'அல்லாஹ் மேட் மீ ஃபன்னி' என்றொரு நிகழ்ச்சி நடந்தது. அல்லாஹ் என்னை வேடிக்கையாளனாக ஆக்கினான் என்பது பொருள். 2008-இல் அது திரைப்படமாகவும் வந்தது. அதில் மூவர். ஒருவர் கறுப்பினத்தவரான பிரீச்சர் மோஸ். மற்றவர் இந்தியப் பெற்றோரின் மகனும் முன்னாள் வழக்கறிஞருமான அஸ்ஹர் உஸ்மான். மூன்றாமவர் குவைத்தில் பிறந்து, வளைகுடாப் போரினால் சிறுவயதிலேயே அமெரிக்கா போய்ச் சேர்ந்த பலஸ்தீனர் மோ ஆமர். தாடியோடு ஒருவர் விமானத்தில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் முகம் எப்படி மாறுகிறது என்பதை உஸ்மான் சொல்லும்போது, சிரிப்புக்கு ஆளாவது தாடியன்று. தாடியைக் கண்டு அஞ்சும் அறியாமையே.

அவ்வளவு தூரம் போவானேன்? தேங்காப்பட்டணத்தில் பிறந்து நெல்லையில் வாழ்ந்து 2019-இல் மறைந்த தோப்பில் முஹம்மது மீரான், 1988-இல் நூலாக வந்த 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'யில் என்ன செய்தார்? ஊர் முதலாளியின் ஆணவத்தையும், போலித் தங்ஙளின் ஏமாற்றையும், இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஹராம் என்ற பிடிவாதத்தையும் எள்ளல் கலந்து எழுதினார். அவர் எள்ளியது மார்க்கத்தையா? மார்க்கத்தின் பெயரால் நடந்ததையே.

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நாம் உணர வேண்டும். அல்லாஹ்வையும் அவன் வசனங்களையும் அவன் தூதரையும் பரிகசிப்பது பெருங்குற்றம் என்பதை அத்தவ்பா அத்தியாயத்தின் 65, 66-ஆம் வசனங்கள் ஐயமின்றிச் சொல்கின்றன. அதற்கு மேடையும் இல்லை, மன்னிப்புச் சீட்டும் இல்லை. பிறரைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனுக்குக் கேடு என்ற நபிமொழியும் உண்டு. மேடைப் பேச்சுகளில் இவ்வரம்பை மீறியவையும், நாணமற்றவையும் பல; அவற்றை நாம் ஒப்புக்கொள்ள இயலாது.

ஆனால் ஓர் இளைஞன், அலிஃப், பே ஓதிய நாளில் ஹர்ஃபு தவறியதற்காகத் தன் உள்ளங்கையில் விழுந்த பிரம்படியைச் சொல்லிச் சிரிக்கிறான் என்றால், அவன் குர்ஆனைக் கேலி செய்யவில்லை. நம்மைப் பற்றிச் சாட்சி சொல்கிறான். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த வாப்பாமார் தாமிரபரணிக் கரை ஊர்களிலே இல்லையா? தொழுகையில் பேசிவிட்ட முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்களை நபியவர்கள் அடிக்கவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. அவரைப் போன்ற நல்லாசிரியரைத் தாம் கண்டதில்லை என்று அந்தத் தோழர் சொன்னதாக முஸ்லிம் நூல் அறிவிக்கிறது. பத்தாண்டுகள் பணி செய்த அனஸ் (ரலி) அவர்கள் ஒரு 'சீ' என்ற சொல்லைக்கூட அண்ணலாரிடம் கேட்டதில்லை. அந்த ஸுன்னத்தைப் பேணிய உஸ்தாதிடம் ஓதிய பிள்ளை, மேடையில் சொல்ல எந்தப் பிரம்பைத் தேடுவான்?

நிறத்தின் கதையும் இதுவே. தமிழையே தாய்மொழியாகக் கொண்ட நம்மைப் பழைய திரைப்படங்கள் 'நம்பள், நிம்பள்' என்று பேச வைத்துச் சிரித்தபோது நமக்கு வலித்தது. நியாயம்தான். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் பிள்ளை கறுப்பு என்று நாமே சிரிப்பதில்லையா? ஓதிக் கொடுக்கும் லெப்பையின் ஏழ்மையைப் பந்தியிலே பேசிச் சிரிப்பதில்லையா? ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்த அபூதர் (ரலி) அவர்களிடம், அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறதே என்று நபியவர்கள் கண்டித்தது புகாரியில் உள்ளது. இழிக்கப்பட்டவர் பிலால் (ரலி) என்றும் அறிவிப்பு உண்டு. ஒரு சமூகம் இன்னொரு சமூகத்தைப் பரிகசிக்க வேண்டாம், அவர்கள் இவர்களைவிட மேலானவர்களாக இருக்கலாம் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் தரும் எச்சரிக்கை. தன் நிறத்துக்காகத் தான் பட்டதைச் சொல்பவன் சிரிக்க வைப்பது ஒன்று. நிறத்துக்காகப் பிறரைப் பார்த்து நாம் சிரிப்பது வேறொன்று. முன்னது முறையீடு, பின்னது பாவம்.

ஆகவே பெற்றோர்களே! பிள்ளை சிரிக்கும்போது கைபேசியைப் பிடுங்குவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். சொல்லப்படுவது பொய்யா? எளியவனை இழிக்கிறதா? அல்லாஹ் ரஸூலின் கண்ணியத்தைத் தொடுகிறதா? ஆம் என்றால், ஏன் கூடாது என்பதை அன்போடு விளக்குங்கள். மூன்றும் இல்லையென்றால் கோபத்தை அடக்கிக்கொண்டு, "உனக்கும் ஓதுபள்ளியில் இப்படி நடந்ததா?" என்று கேளுங்கள். மனக்குறையைச் சிரித்துச் சொல்பவன் இன்னும் நம் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஒன்றும் சொல்லாமல் பள்ளிவாசல் படியை விட்டு இறங்கிப் போனவனே நாம் இழந்தவன்.

வல்ல அல்லாஹ் நம் மக்தபுகளை அன்பின் இல்லங்களாக ஆக்குவானாக! நம் நாவுகளையும் நம் சிரிப்பையும் பாவத்திலிருந்து காப்பானாக! ஆமீன்.