கேட்டவனுக்கு இல்லையாம் வழி!

முன்மனை ஒருவருடையது, பின்மனை இன்னொருவருடையது. பின்மனைக்காரர் தெருவை அடைய வேண்டுமானால், முன்மனையின் ஓரத்து வண்டித்தடத்தில்தான் நடந்தாக வேண்டும். இப்படிப்பட்ட பின்மனைக்காரர் இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் பண்பாளர். "ஐயா, இவ்வழியே போய்வர இசைவு தாருங்கள்" என்று கேட்டார், பெற்றார், நன்றியோடு நடந்தார். மற்றவரோ எவரையும் கேட்டாரில்லை. பாட்டன் தேடிய வழிபோல் நிமிர்ந்து நடந்தார். ஆண்டுகள் இருபது உருண்டன. இரண்டு இடத்திலும் முன்மனைக்காரர் கதவிட்டுப் பூட்டினார். இருவரும் வழக்கு மன்றம் ஏறினர். வழி யாருக்கு?

கேளாமல் நடந்தவருக்கு! கேட்டு நடந்தவருக்கு இல்லை!

வியப்பாக இருக்கிறதன்றோ? 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் காட்டும் முடிவு இது. முதன்முதலில் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகிய இடங்களில்தான் அது நடப்புக்கு வந்தது. ஆகவே நம்மவர்க்கு மிகப் பழகிய சட்டம். அமைதியாக, வெளிப்படையாக, உரிமை என்ற நினைவோடு, தடையின்றி 20 ஆண்டுகள் நடந்த வழி உரிமையாகிவிடும் என்பது அதன் 15ஆவது பிரிவு. இசைவு பெற்று நடந்தது உரிமையால் நடந்தது ஆகாது. அது வெறும் அனுமதி. கொடுத்தவர் பொதுவாக அதைத் திரும்பப் பெறலாம். வலிந்தும் நடந்திருக்கக் கூடாது, ஒளிந்தும் நடந்திருக்கக் கூடாது, இரந்தும் நடந்திருக்கக் கூடாது என்பது உரோமானியர் காலந்தொட்டு வரும் இலக்கணம்.

பண்புக்குத் தண்டனையா, பணியாமைக்குப் பரிசா என்று உள்ளம் கொதிக்கும். நமக்கும் கொதித்தது. ஆயினும் ஆர அமர எண்ணினால் அதில் ஓர் அறம் இருக்கக் காண்கிறோம். இசைவே முற்றி உரிமையாகும் என்றிருப்பின், எவர்தாம் இசைவு தருவார்? மழைக்கு ஒதுங்க வந்தவனையும், 'நாளைக்குத் திண்ணை தனதென்பானோ' என்று விரட்டுவார். கொடை கொடையாகவே நிற்கும் என்ற உறுதி இருப்பதால்தான் கொடுப்பவர் கை நடுங்குவதில்லை.

ஆனால், ஒத்த நிலையினர் இருவர்க்கிடையேதான் இந்த வாதம் செல்லும். நம் ஊர்களில் நிலை அதுவா? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வரப்போரம் நின்று, "சாமி, போகலாமுங்களா?" என்று நாள்தோறும் கேட்டவன் எவன்? ஏழையின் புன்செய் நடுவே எவரையும் கேளாமல் வண்டி ஓட்டியவர் எவர்? கேட்டதும் கேளாததும் அங்கே பண்பைப் பொறுத்தவையல்ல, ஐயா, வலிமையைப் பொறுத்தவை! நிமிர்ந்து நடந்திருந்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும் என்பதால் குனிந்து கேட்டான். அவனுடைய பேரனை மன்றத்தில் நிறுத்தி, "உன் பாட்டன் இரந்துதானே நடந்தான்?" என்று வினவினால், ஏட்டின்படி அது சரியான கேள்வி. ஏட்டுக்கு வெளியே?

அந்தச் சட்டத்திலேயே நம் மனத்துக்கு உகந்த பகுதி வேறொன்று உண்டு. ஒரே நிலம் பாகப்பிரிவினையில் துண்டாகி, ஒரு பங்குக்கு வழியே இல்லாமற்போனால், அவன் கேட்கவும் வேண்டியதில்லை. 20 ஆண்டு காத்திருக்கவும் வேண்டியதில்லை. இன்றியமையாத் தேவையே அவனுக்கு வழியுரிமை தருகிறது என்கிறது 13ஆவது பிரிவு. எந்தப் பக்கமாக வழி விடுவது என்பதை நிலத்துக்காரர் குறிக்கலாம். நடப்பவருக்கு அது தக்க வசதியுடையதாக இருக்கவேண்டும். தேவை தீர்ந்தால் உரிமையும் தீரும். இங்கே இரப்பவரும் இல்லை, ஈபவரும் இல்லை.

(பத்திரம் எழுதுவோரைப் பற்றி ஒரு சொல். 'மாமூல் வழிநடைத் தடபாத்தியங்கள் உட்பட' என்று மந்திரம்போல் எழுதிவிடுவர். எத்தனை அடி அகலம், ஆள் நடக்கவா வண்டி ஓட்டவா என்று எழுதுவோர் அரியர். ஒருவகை வழியுரிமை இன்னொரு வகையை உள்ளடக்காது என்பது 28ஆவது பிரிவு. நடைவழி மட்டுமே பெற்றவரின் மகன் மகிழுந்து வாங்கிய அன்று தொடங்கும் சண்டை!)

தேவையால் பிறக்கும் இந்த உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு. இரு நிலமும் முன்பு ஒருவர் கையில் இருந்திருக்க வேண்டும். ஒருநாளும் நிலமே கையில் இல்லாதிருந்த மக்களுக்கு அது எப்படி உதவும்? 2019 ஆகஸ்டில், அன்றைய வேலூர் மாவட்டத்து வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குச் செல்லும் வழி வேலியிட்டு மறிக்கப்பட்டிருந்ததால், தாழ்த்தப்பட்ட மக்கள் தம்மவர் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினர். அந்தக் காட்சியை நாடே கண்டது. சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இத்தகைய இடத்தில் பிரிவுகளைப் புரட்டி, 20 ஆண்டு நடந்தார்களா, கேட்டு நடந்தார்களா என்று கணக்குப் பார்ப்பதை நாம் ஒப்பவில்லை. பொதுத் தேவைக்கு நிலம் எடுக்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. நிலத்துக்காரருக்குரிய இழப்பீட்டைக் கொடுக்கட்டும். சுடுகாட்டுப் பாதை இல்லாத ஊர்தோறும் அதை அளந்து, கல் நட்டு, புலப்படத்தில் பொதுவழி என்று கோடு இழுக்கட்டும். பாடை சுமப்பவர் வேலியருகே நின்று எவரிடமும் இசைவு கேட்க வேண்டியிராத அளவுக்கு அந்தக் கோடு அகலமாக இருக்கட்டும்.