பொறுமையும் மௌனமும்

பெரம்பலூர் மாவட்டத்து வெள்ளாற்றங்கரை ஊர்களில் சபராளி இல்லாத குடும்பம் அரிது. சில ஆண்டுகளுக்கு முன், இஷாத் தொழுகை முடிந்த பின்னர், என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் பள்ளிவாசல் திண்ணையில் என்னருகே வந்தமர்ந்தார். பதினைந்து ஆண்டுகள் வளைகுடா நாட்டில் உழைத்துத் திரும்பியவர். தம் அத்தா மௌத்தானபோது ஜனாஸாவுக்கு வந்து சேர முடியாமற்போன துயரம் அவரை விடவில்லை. உறக்கமில்லை, உணவில் நாட்டமில்லை, கபுருஸ்தான் பக்கம் போகவும் கால் எழவில்லை. "ஹஜ்ரத், மனத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனால் ஈமான் குறைந்தவனாகி விடுவேனா?" என்று கேட்டார்.

"ஸபுர் செய்யுங்கள், தம்பி" என்றேன். அவர் தலைகவிழ்ந்து போய்விட்டார். நான் சொன்னது நல்ல சொல்தான். ஆயினும் அவர் கேட்ட கேள்விக்கு அது விடைதானா என்னும் ஐயம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

ஸபுர் என்பது வாய்மூடியிருத்தலா? அழகிய பொறுமைக்குத் திருக்குர்ஆன் காட்டும் சான்று யஃகூப் நபி (அலை) அவர்கள். அவர்களே யூஸுப் நபியை (அலை) நினைந்து நினைந்து, துயரத்தால் கண்கள் வெளுத்துப்போகும் நிலையை அடைந்தார்கள். இன்னுமா மறக்கவில்லை என்று கடிந்துகொண்டவர்கள் அவர்கள் பெற்ற மக்களே. தம் துயரை அல்லாஹ்விடமே முறையிடுவதாக விடையிறுத்த அந்த நபி, அத்துடன் நின்றுவிடவில்லை; நம்பிக்கை இழவாமல் சென்று தேடுமாறு அம்மக்களை அனுப்பினார்கள். அழுகையும் முறையீடும் தேடலும் அவர்களுடைய பொறுமைக்குள்ளேயே அடங்கியிருந்தன.

அல்லாஹ்விடமே முறையிட வேண்டுமெனில் மனிதரிடம் சொல்வது தகுமா என்று சிலர் வினவலாம். விதியை நொந்து புலம்புவது வேறு. குணம் வேண்டி நோயை எடுத்துரைப்பது வேறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே தமது தலைவலியை ஆயிஷா நாயகி (ரலி) அவர்களிடம் வாய்விட்டுச் சொன்னதை ஹதீஸில் காண்கிறோம்.

உள்ளத்துக்கும் மருத்துவம் உண்டென்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர், உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒருங்கே ஆராய்ந்து அரபியில் நூல் யாத்தார். சினம், அச்சம், துயரம், விடாது தொல்லை தரும் எண்ணங்கள் என உள்ளத்தின் நோய்களை வகுத்தார். உடல் நலமாயிருக்கும்போதே மருந்தைச் சேமித்து வைப்பது போல, மனம் அமைதியாயிருக்கும்போது நல்லெண்ணங்களைச் சேமித்து, கலங்கும் வேளையில் எடுத்தாள வேண்டும் என்பது அவர் கருத்து. 1960களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிகிச்சை முறையும், துன்பம் தரும் எண்ணத்தை ஆராய்ந்து திருத்துவதையே அடிப்படையாகக் கொண்டது.

உளவியலாளர் மருந்து எழுதித் தருபவரல்லர். மருந்து வேண்டுமாயின் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அவருடைய கருவிகள் செவியும் பேச்சுமே. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நோயுற்றவரோடு அமர்வார். 'அத்தாவைக் கைவிட்டுவிட்டேன்' என்று ஒருவர் சொன்னால், அப்படிச் சொல்லாதீர்கள் என்று வாயடைக்கமாட்டார். விடுப்புக் கேட்டீர்களா, மாதந்தோறும் மருந்துச் செலவுக்கு அனுப்பியவர் யார் என்றெல்லாம் வினவி, அவ்வெண்ணத்தை அவரே எடைபோட்டுப் பார்க்கச் செய்வார். உயிருக்கு ஆபத்து நேரும் நிலை போன்றவை தவிர, கேட்டதை வெளியிடாதிருப்பது அத்தொழிலின் அறம். நாம் அதனை அமானிதம் என்போம்.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பவியலாது போக, 28 பேர் மாண்டனர். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்கிறது. 'ஈமான் இல்லாதவன்' என்னும் பழிச்சொல்லும் மனிதரைக் கட்டிப்போடத்தான் செய்கிறது. அதனை நாமேதான் கைவிட வேண்டும்.

மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய மாவட்டங்களுள் நம் அண்டையிலுள்ள திருச்சியும் ஒன்று. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இயங்கி வருகிறது. அதே ஆண்டில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மறுவாரம் அம்மாணவர் வீட்டுக்கு நானே சென்றேன். "அன்று நான் பாதி விடைதான் சொன்னேன், தம்பி. தேடச் சொன்னதும் நபிமார்களின் வழிதான், போய்ப் பாருங்கள்" என்றேன். போனார். சில மாதங்கள் சென்றன. துயரம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, தம் அத்தாவின் கபுரருகே நின்று அவர் துஆ கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

நம் வீடுகளில் ஒருவர் தம் மனத்துயரைச் சொல்ல வாயெடுத்தால், ஸபுர் செய்யச் சொல்வதற்கு முன், அவர் சொல்வதை முழுவதும் கேட்போம்.