குளிசையும் கன்மமும்

மாத்தளை பஸ் ஸ்டாண்டில் லொத்தர் விற்கும் பையன் என்னை "சேர்" என்றுதான் கூப்பிடுவான். அவனுடைய அப்பாவுக்குச் சைவசமயம் படிப்பித்தவன் நான். அறுபத்தேழு வயதுவரை ஒரு சீட்டுக்கூட வாங்காத நான், திடீரென்று தினம் முப்பது, நாற்பது வாங்கினேன். யாரும் தள்ளிவிடவில்லை. விடிந்து கண் திறக்கும்போதே ஆசை இருந்தது; என் சொந்த ஆசை மாதிரியே இருந்தது. மனைவியின் காப்பு அடகுக்குப் போனபோதும் வெட்கம் வரவில்லை.

கை நடுக்கத்துக்குப் பிரமிபெக்சோல் குடிக்கத் தொடங்கி அப்போது எட்டு மாதம். பார்க்கின்சன் வந்தால் மூளையில் டோபமைன் வற்றும். அதன் வேடத்தைப் போட்டுக்கொண்டு இந்தக் குளிசை நடுக்கத்தை அடக்கும். போகிற போக்கில் ஆசை பிறக்கும் இடத்தையும் தட்டிவிடும். 3,090 நோயாளிகளைப் பார்த்து 2010 இல் வெளியான ஆய்வில், இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 17 சதவீதமானோரைச் சூதோ, காமமோ, தீனியோ, கடை கடையாய் வாங்கும் வெறியோ பிடித்திருந்தது. இதே வகை மருந்தால் சூதாடி அழிந்த ஒருவருக்குக் கம்பனி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று பிரான்சின் ரென் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012 இல் தீர்த்தது. கிளினிக்கில் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. பெட்டிக்குள் மடித்திருந்த தாளை மகள்தான் வாசித்தாள்.

பணக் கணக்கைக் கோர்ட் தீர்க்கும். கன்மக் கணக்கை? டவுனிலிருந்து மூன்று கிலோமீற்றரில் அலுவிகாரை. பௌத்தத்தின் பாளிப் பிடகங்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஏட்டில் ஏறிய இடம். எண்ணமே கன்மம் என்கிறது அந்தப் போதனை. எனக்கு இடிப்பதும் அங்கேதான்: எண்ணினவன் நான்தானே?

சைவ சித்தாந்தம் கொஞ்சம் ஆறுதல் தரும். மனமும் புத்தியும் மாயை உயிருக்குக் கொடுத்த கருவிகள், உடம்பைப்போலச் சடம். முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியும் எனக்கு அது வெறும் பரீட்சை விடையாகத்தான் இருந்தது. ஆனால் சூதைக் குளிசையின் பேரில் எழுதிவிட்டு, பொறுமையையும் நேர்மையையும் மட்டும் என் பேரில் வைத்துக்கொள்வது கள்ளக் கணக்கு.

டொக்டர் குளிசையைச் சிறுகச் சிறுகக் குறைத்தார். ஆசை போனது, நடுக்கம் திரும்பியது. மாசி மகத்தன்று முத்துமாரியம்மனின் ஐந்து தேரும் வீதிக்கு வந்தபோது கைகூப்பிக்கொண்டு நின்றேன்.

"மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"செஞ்சது நானா, குளிசையான்னு தெரியாம என்னத்தைக் கேட்கிறது?"

"காப்பு அம்மனோடது இல்ல. என்கிட்ட கேளுங்க."