பிரிவிலும் வேண்டும் தர்மம்

இல்லறம் ஓர் ஆசிரமம். ஏனைய மூன்று ஆசிரமங்களையும் தாங்கி நிற்பது அதுவே என்று சாஸ்திரங்கள் போற்றுகின்றன. அத்தகைய இல்லறமும் சில வேளைகளில் முறிந்துவிடுகிறது. நம் நாட்டில் மணமுறிவு விகிதம் பல நாடுகளைவிடக் குறைவு என்று பெருமிதம் கொள்பவர்கள் உண்டு. ஆனால் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவாகரத்துப் பெற்றவர்களைவிடப் பிரிந்து வாழ்பவர்கள் இரு மடங்குக்கும் அதிகம். சட்டப்படி முறியாத மணங்கள் எல்லாம் உயிருள்ள மணங்கள் அல்ல.

அன்பர் ஒருவர் ஆசிரமத்திற்கு வந்து மூத்த துறவி ஒருவரை வணங்கி, "சுவாமி, விவாகரத்து வழக்கில் நான் வெல்ல ஆசி கூறுங்கள். என் எட்டு வயது மகளே என் பக்கம் பேசுவாள்" என்றார்.

"நீங்கள் வென்றால் தோற்பவர் யார்?" என்று கேட்டார் சுவாமிகள்.

"என் மனைவி."

"இல்லை, உங்கள் மகளின் தாய். பெற்ற தாயைத் தோற்கடிக்க உதவிய குழந்தை, ஆயுள் முழுவதும் எதைச் சுமக்கும்?"

அன்பர் தலைகுனிந்தார்.

தாயாதிகளின் பகை அஸ்தினாபுரத்துச் சபை ஏறியபோது, அங்கு இழுத்து வரப்பட்டவள் சூதாடாத திரௌபதி. இன்றைய வழக்குகளிலோ, பணயமாவது பெரும்பாலும் குழந்தையே.

இதற்கு மாற்று வழி உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்க்கப்பட்ட 13-பி பிரிவு, ஓராண்டு பிரிந்து வாழ்ந்த தம்பதியர் பரஸ்பர இசைவுடன் மணவிலக்குப் பெற இடமளிக்கிறது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், சமரசத்திற்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கியது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஸ்டூவர்ட் வெப் என்ற வழக்கறிஞர் 1990-இல் 'கூட்டிணக்க முறை' ஒன்றைத் தொடங்கினார். அதில் தம்பதியரும் அவர்தம் வழக்கறிஞர்களும் ஒன்றாக அமர்ந்து பேசித் தீர்வு காண்பர். பேச்சு முறிந்து வழக்கு நீதிமன்றம் சென்றால், அவ்வழக்கறிஞர்கள் விலகிவிட வேண்டும். சண்டை நீடிப்பதால் அவர்களுக்கு ஆதாயம் இல்லை.

ஆனால் கொடுமை நிகழும் இல்லத்தில் இம்முறை பொருந்தாது. அங்கு முதலில் வேண்டுவது பாதுகாப்பு; 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்கெனவே உள்ளது. அநீதியைச் சகிப்பதைப் பொறுமை என்று கூறுவது தர்மமன்று.

பிறரைப் புண்படுத்தாத, உண்மையான, இனிய, நன்மை பயக்கும் சொல்லை வாக்கின் தவம் என்று கீதை பதினேழாம் அத்தியாயத்தில் பகவான் அருளுகிறார். நண்பரிடம் இனிமையாகப் பேசுவதற்குத் தவம் எதற்கு? மனம் கசந்தவரிடம் அவ்வாறு பேசுவதற்கே தவம் வேண்டும்.

அந்த அன்பர் வழக்கைக் கைவிட்டு, மனைவியுடன் இசைவு மனு அளித்தார். மணம் மீளவில்லை. ஆயினும் மகளின் அடுத்த பிறந்த நாளில், அவள் இருவர் கைகளையும் பற்றிக்கொண்டு கோயிலை வலம் வந்தாள்.

உறவு முடியலாம், கடமை முடிவதில்லை. துவேஷமின்றிப் பிரியும் மனவலிமையை இறைவன் அருள்வானாக!