சொல்லில் படிந்த தூசு

ஒரு சொல்லின் பொருளை அறிய அகராதியைப் புரட்டுகிறோம். ஆனால் அகராதி பொருளைப் படைப்பதில்லை. மக்கள் நாவில் உருவான பொருளைப் பின்னர் வந்து எழுதிக்கொள்கிறது. 'நாற்றம்' என்னும் சொல் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது. இன்று பூக்கடையில் நின்று அச்சொல்லைச் சொன்னால் கடைக்காரர் முகம் சுளிப்பார். புலவர்கள் அவை கூடி இம்மாற்றத்தைத் தீர்மானிக்கவில்லை. அன்றாடப் பேச்சே அதைச் செய்தது. பெரும்பாலான இடங்களில் சொல்லின் பொருள் அதன் பயன்பாட்டிலேயே இருக்கிறது என மெய்யியலாளர் விட்கென்ஸ்டைன் விளக்கியதும் இதனையே.

நாற்றத்தின் பொருள் தாழ்ந்ததால் பூவுக்கு நட்டமில்லை. மனிதர் குடியிருக்கும் இடத்தின் பெயர் தாழும்போது நிலைமை வேறு.

'காலனி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். குருமடத்தில் நாம் பயின்ற இலத்தீனில் 'கொலோனியா' என்றால் குடியேற்ற நகர். 'கொலோனுஸ்' என்றால் நிலத்தை உழுபவர். செருமனியின் கொலோன் நகர் இன்றும் அப்பெயரைப் பெருமையுடன் தாங்கி நிற்கிறது. திருத்தூதர் பணிகள் நூலும் பிலிப்பி நகரை உரோமைக் குடியேற்ற நகர் என்றே குறிப்பிடுகிறது. அது அந்நகருக்குரிய சிறப்பு.

நம் வட்டாரத்தில் நடப்பது என்ன? கோவை சாயிபாபா காலனியில் வீடு என்றால் கேட்பவர் மதிப்புடன் நிமிர்ந்து பார்க்கிறார். பொள்ளாச்சிப் பக்கத்துச் சிற்றூரில் 'காலனி வீடு' என்றால் குரல் தாழ்கிறது, கண்கள் பேசுகின்றன. எழுத்து ஒன்றே, ஒலியும் ஒன்றே. பொருளை வேறாக்கியது நமது பார்வை.

'சேரி'யும் இவ்வழியே வந்ததுதான். சேர்ந்து வாழுமிடம் என்பதே அதன் பொருள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஆடல் மகளிர் வாழ்ந்த பகுதி 'தளிச்சேரி' எனப்படுகிறது. புதுச்சேரியும் வேளச்சேரியும் ஊர்ப்பெயர்களாக நிலைக்க, தனித்து நின்ற 'சேரி' மட்டும் இழிசொல்லாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் நமது பங்கில் அன்பியங்களின் பட்டியலை நாமே எழுதி, ஆலய வாயிலில் ஒட்டினோம். திருப்பலி முடிந்ததும் முதிய தாய் ஒருவர் தயங்கி வந்தார். "சாமி, மத்த அன்பியத்துக்கெல்லாம் புனிதர் பேரு இருக்குதுங்க. எங்களுக்கு மட்டும் காலனிதானுங்களா?" என்றார். நமக்கு மறுமொழி வரவில்லை. தீய எண்ணத்துடன் எழுதவில்லைதான். எண்ணாமல் எழுதினோம் என்பதே குற்றம்.

அவர்களே கூடிப் பேசி, 'புனித சூசையப்பர் அன்பியம்' எனப் பெயரிட்டார்கள். மறுவாரம் பங்குப் பெரியவர் ஒருவர், "காலனி சூசையப்பர்தானுங்களே, சாமி?" என்று கேட்டார். நாமும் ஆமென்று தலையசைத்தோம். பிறகுதான் உறைத்தது. பெயர் மாறியும் பார்வை மாறவில்லை.

2025 ஏப்ரல் 29 அன்று, ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமைக் குறியீடாகவும் மாறிவிட்ட 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப்புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். இதனால் என்ன பயன், புதுச்சொல்லும் நாளை அழுக்காகாதா எனக் கேட்பவர் உண்டு. அவர்கள் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. காந்தியடிகள் நன்மனத்துடன் பரப்பிய 'அரிசன்' என்னும் பெயரை, அப்பெயருக்கு உரியோர் பலர் ஏற்கவில்லை. பிறர் சூட்டிய பெயரில் இரக்கம் இருக்கலாம், சமத்துவம் இருப்பதில்லை.

ஆயினும் மறுபாதியை மறக்கலாகாது. புண்ணில் தைத்த முள்ளை எடுத்ததும் புண் ஆறிவிடாது. அதற்காக முள்ளை எடுக்காமல் விடுவாரும் இல்லை. சொல்லை அகற்றுவது அரசால் இயலும். பொருளை மாற்றுவது நாள்தோறும் பேசும் நம்மால் மட்டுமே இயலும்.

கல்லறைத் தோட்டத்தையே சுவர் எழுப்பிப் பிரித்த வரலாறு தமிழகத் திருச்சபைக்கும் உண்டு. ஒரே அப்பத்தில் பங்குபெறும் நாம், அடுத்த முறை அச்சொல் நாவின் நுனிக்கு வரும்போது ஒரு கணம் நிறுத்துவோம். அந்தத் தாய் அருகில் நின்றால் அதே குரலில் சொல்வோமா என நம்மையே கேட்போம். சொல்லமாட்டோம் எனில், தூசு படிந்திருப்பது சொல்லில் மட்டுமன்று.